350-க்குக் கீழே போன பள்ளி மாவட்டம்: இணைப்பதா, விட்டுவைப்பதா?

கரிசல்மகள்

வணக்கம். இதை ஆசிரியர் பகுதியில் போடுவதா, ஊர்நிலவரப் பகுதியில் போடுவதா என்று தெரியவில்லை. நடத்துநர்கள் பொருத்தமான இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. அயல்நாட்டு ஆசிரியர்களுக்கான ஜே-1 பரிமாற்ற விசாவில் வந்து, ஆர்கன்சா மாநிலத்தின் கிழக்கோரத்தில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய டெல்டாவில் கணிதம் கற்பிக்கிறேன். சுற்றிலும் சோயா, நெல், பருத்தி. எங்கள் பள்ளி மாவட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மழலையர் வகுப்பு முதல் 12 வரை ஒரே வளாகம். தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக எங்கள் மாணவர் எண்ணிக்கை 350-க்குக் கீழே போயிருக்கிறது. மாநிலச் சட்டப்படி அப்படிப் போனால் பெயர் இணைப்புப் பட்டியலில் ஏறிவிடும். நாங்களாகவே ஒரு துணையைத் தேடிக்கொண்டு மனுப்போடலாம். இல்லாவிட்டால் மாநிலக் கல்வி வாரியமே யாருடனாவது சேர்த்துவிடும்.

அமெரிக்காவில் இல்லாதவர்களுக்காகச் சில வரிகள். இங்கே கல்வித்துறை மேலிருந்து பள்ளியை நடத்துவதில்லை. ஒரு சிற்றூரும் சுற்றுப்புறமும் சேர்ந்து ஒரு பள்ளி மாவட்டம். ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த, சம்பளம் வாங்காத ஒரு குழு. அது அமர்த்தும் ஒரு கண்காணிப்பாளர். ஆசிரியரை எடுப்பது, பஸ் வாங்குவது, கூரை மாற்றுவது எல்லாம் அவர்கள் கையில். பணத்தில் ஒரு பகுதி ஊரின் சொத்து வரி. இந்த மாநிலத்தில் சந்தை மதிப்பின் 20 சதவீதத்தைத்தான் வரிக்குரிய மதிப்பாக எடுப்பார்கள். அதில் ஆயிரத்துக்கு ஒரு டாலர் என்பது ஒரு மில். 1996-ல் வந்த 74-ஆவது திருத்தப்படி எல்லா மாவட்டமும் 25 மில் வசூலிக்க வேண்டும். ஒரு லட்சம் டாலர் வீட்டுக்கு 20,000-த்தின்மேல் 25 மில், அதாவது ஆண்டுக்கு 500 டாலர். எங்கள் ஊரில் ஒரு லட்சம் டாலர் பெறும் வீட்டைத் தேடிப்பிடிக்க வேண்டும். மீதியை மாநிலம் தலைக்கு இவ்வளவு என்று நிரப்புகிறது. அதனால் ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போனால் அந்தப் பிள்ளைகளோடு மாநிலப் பணமும் போகிறது.

சென்ற குழுக் கூட்டம் உணவுக்கூடத்தில் நடந்தது. இணைந்துவிடலாம் என்று பேசியவர்களும் அழுதார்கள். கூடாது என்றவர்களும் அழுதார்கள். சக ஆசிரியர்கள் என் கருத்தைக் கேட்கிறார்கள். இப்படி ஓர் இணைப்பைக் கண்ணால் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

பென்டன்வில்வாசி

அதே மாநிலம், எதிர் மூலை. என் பிள்ளைகள் படிக்கும் மாவட்டத்தில் பதினெட்டாயிரத்துக்கு மேல் மாணவர்கள். அதனால் நான் சொல்வது உங்களுக்குக் கசக்கலாம், அக்கா.

இணைந்துவிடுங்கள். 340 பிள்ளைகளுக்கு ஒரு கண்காணிப்பாளர், ஒரு கணக்காளர், ஒரு பஸ் பட்டறை, ஒரு சிறப்புக்கல்வி ஒருங்கிணைப்பாளர். பக்கத்து ஊரில் இன்னொரு 500 பிள்ளைகளுக்கு அதே நான்கு பேர். இரண்டு கண்காணிப்பாளர் சம்பளத்தில் ஒன்று மிச்சமானால் ஒரு நல்ல இயற்பியல் ஆசிரியரையும் பாதி வேதியியல் ஆசிரியரையும் எடுக்கலாம். உணர்ச்சியை ஒதுக்கி வைத்துக் கணக்குப் போட்டால் வேறு விடை வராது. நீங்கள் கணக்கு ஆசிரியை.

இந்த நாடே அந்த வழியில்தான் வந்திருக்கிறது. 1931-32-ல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,27,500 பள்ளி மாவட்டங்கள். இன்று 13,000 சொச்சம். ஹவாய் மாநிலம் முழுவதும் ஒரே மாவட்டம். அங்கே யாரும் பள்ளி போய்விட்டதென்று அழவில்லை.

எதிர்க்கேள்வி

ஹவாயில் பக்கத்து மாவட்டத்தோடு சேர நீந்த வேண்டும். நல்ல எடுத்துக்காட்டு.

வழக்குக்கட்டு

கரிசல்மகள், உங்களுக்கு இரண்டு ஊர் தள்ளி நடந்த கதையை உங்கள் ஊரார் நிச்சயம் அறிவார்கள். இழையில் அது இல்லாமல் இந்தப் பேச்சு நகராது என்பதால் சற்று நீட்டி எழுதுகிறேன். நான் வழக்கறிஞர்தான், ஆனால் இந்த வழக்கில் எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, படித்த ஈடுபாடு மட்டுமே.

பிலிப்ஸ் கவுண்டியில் லேக் வியூ என்றொரு சிற்றூர். 1930-களில், ரூஸ்வெல்ட் காலத்துக் குடியமர்த்தும் திட்டத்தின்கீழ், நிலமற்ற கறுப்பின உழவர்களுக்காக அரசு உருவாக்கிய ஊர். அவர்களுக்கென்று ஒரு பள்ளி மாவட்டம். 1992-ல் அந்த மாவட்டம் மாநில அரசின்மீதே வழக்குப் போட்டது. வாதம் எளிமையானது: சொத்து மதிப்பைப் பொறுத்துப் பள்ளிக்குப் பணம் என்றால், பணக்கார ஊருக்கு ஒரு கல்வி, ஏழை ஊருக்கு ஒரு கல்வி ஆகிறது. மாநில அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவோ பொதுவான, தகுந்த, திறமையான இலவசப் பள்ளி முறையை மாநிலம் பேண வேண்டும் என்கிறது.

1994-ல் விசாரணை நீதிமன்றம் லேக் வியூ பக்கம் தீர்ப்பளித்தது. மாநிலம் சட்டங்களை மாற்றியது, திரும்பவும் வழக்கு, 2001-ல் இன்னொரு நீதிபதி அதே முடிவுக்கு வந்தார். 2002 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பில் லேக் வியூ பள்ளியைப் பற்றிய பத்தியை ஆசிரியர் யாரும் ஒருமுறை படித்தால் மறக்கமாட்டார்கள். உயர்நிலை வகுப்புக் கணிதம் முழுவதற்கும் ஒரே ஆசிரியர்; அவரும் சான்றிதழ் பெறாதவர். பதிலி ஆசிரியராக ஆண்டுக்கு 10,000 டாலர். பள்ளி பஸ் ஓட்டி இன்னொரு 5,000. முக்கோணவியல் வகுப்புக்குப் போதிய கால்குலேட்டர் இல்லை. கவராயம் இல்லவே இல்லை. அச்சுப்பொறி வேலை செய்யவில்லை, தாளும் போதவில்லை. அங்கிருந்து கல்லூரிக்குப் போனவர்களில் தேர்ச்சிநிலைக்குக் கீழே இருந்து மறுபயிற்சி வகுப்பில் உட்கார வேண்டியிருந்தவர்கள் 100 சதவீதம்.

சரி, வென்றார்கள். பிறகு என்ன நடந்தது? ஆளுநர் மைக் ஹக்கபி, 1,500 மாணவருக்குக் குறைந்த மாவட்டங்களை இணைக்க வேண்டும் என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். கிராமப்புற உறுப்பினர்கள் கொதித்தார்கள். பேரம் பேசி இறங்கி இறங்கி 350-ல் நின்றது. உங்கள் கழுத்தில் தொங்கும் அந்த எண் கல்வி ஆய்விலிருந்து வந்ததல்ல. சட்டமன்றத்தில் எத்தனை வாக்குத் தேறும் என்பதிலிருந்து வந்தது. அதுதான் 60-ஆம் எண் சட்டம். அதே நேரத்தில் விற்பனை வரியை 5.125-லிருந்து 6 சதவீதமாக உயர்த்தினார்கள். தலைக்கு 5,400 டாலர் என்று 2004-05-க்கு அடிப்படை நிதி வைத்தார்கள். பள்ளிகளுக்கு உண்மையிலேயே பணம் வந்தது. அதை மறுக்கக் கூடாது.

2004-ல் அந்தச் சட்டப்படி இணைக்கப்பட்ட மாவட்டங்களில் லேக் வியூவும் ஒன்று. பார்ட்டன்-லெக்சா மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டு வழக்காடி மாநிலம் முழுவதுக்கும் பணம் வாங்கிக் கொடுத்த மாவட்டம், அந்தப் பணம் வரத் தொடங்கிய ஆண்டில் இல்லாமல் போனது. 2007-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தபோது, வழக்கின் தலைப்பில் மட்டும்தான் லேக் வியூ பள்ளி மாவட்டம் இருந்தது.

பென்டன்வில்வாசி

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இது என் கட்சிக்குத்தான் சாட்சி. மொத்தக் கணிதத்துக்கும் ஒரே ஆசிரியர், அவரே பஸ் ஓட்டுநர் என்ற நிலை சிறிய மாவட்டத்தில்தான் வரும். பெரிய மாவட்டத்தில் வர வாய்ப்பே இல்லை.

வழக்குக்கட்டு

சிறிய மாவட்டம் என்பதால் வந்ததா, ஏழை மாவட்டம் என்பதால் வந்ததா? அதே தீர்ப்பில் லேக் வியூவைவிடப் பெரிய டெல்டா மாவட்டங்களின் ஓட்டைக் கூரையும் உடைந்த பஸ்ஸும் வருகின்றன. லேக் வியூ பிள்ளைகளை எந்தப் பார்ட்டனுக்கு அனுப்பினார்களோ, அந்தப் பார்ட்டன் தொடக்கப்பள்ளியில் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போதாத கழிப்பறைகள் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. ஏழையை ஏழையோடு கூட்டினால் வருவது பெரிய ஏழை.

கரிசல்மகள்

எல்லாருக்கும் நன்றி. என் வகுப்பறையிலிருந்து சொல்கிறேன். அப்போது இருவரும் பாதிப்பாதி சரி என்று தெரியும்.

ஆர்கன்சாவில் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியும் ஆண்டுதோறும் 38 பாட அலகுகளைக் கற்பித்தாக வேண்டும். 2,000 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் அதே 38. எங்களுக்கும் அதே 38. விளைவு: அல்ஜீப்ரா ஒன்று, வடிவியல், அல்ஜீப்ரா இரண்டு, நுண்கணித முன்னோடி, புள்ளியியல் ஐந்துக்கும் நான்தான். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாடத்திட்டம். நகரத்து ஆசிரியர் ஒரே பாடத்தை ஐந்து பிரிவுகளுக்கு எடுப்பார். நான் ஐந்து பாடங்களை ஒவ்வொரு முறை எடுக்கிறேன். இரவில் எனக்குத் தூக்கம் பிடிப்பதற்குள் மறுநாள் வந்துவிடுகிறது. வேதியியலுக்கு நிரந்தர ஆசிரியர் கிடையாது. எனவே பென்டன்வில் தம்பி சொல்வதை நான் தள்ளமாட்டேன்.

ஆனால் நுண்கணித முன்னோடி வகுப்பில் ஏழு பேர். யாருக்கு எந்தப் படியில் கால் இடறுகிறது என்று தாளைப் பார்க்காமலே சொல்வேன். ஒரு பையன் மூன்று நாள் வரவில்லை என்றால் உணவுக்கூட அம்மாவிடம் கேட்டால் போதும். அவன் பாட்டிக்கு அவர் ஒன்றுவிட்ட தங்கை. காலை உணவும் மதிய உணவும் வருமானம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். சனி ஞாயிறுக்குப் பையில் பொட்டலம் போட்டு அனுப்புவதும் அந்த அம்மாதான். இதெல்லாம் எந்த ஏட்டிலும் ஏறாது.

இன்னொன்று. சம்பளக் கணக்கை யாரும் பேசவில்லை. 2023-ல் வந்த சட்டம் மாநிலம் முழுவதும் ஆசிரியரின் தொடக்கச் சம்பளத்தைக் குறைந்தது 50,000 டாலர் ஆக்கியது. அதற்கு முன்பு 36,000. டெல்டாவுக்கு அது பெரிய விஷயம். இருந்தும் விளம்பரம் போட்டால் உள்ளூரில் யாரும் வருவதில்லை. அதனால்தான் பிலிப்பைன்ஸ்காரர்களும் நானும் இங்கே நிற்கிறோம்.

எதிர்க்கேள்வி

அப்படியானால் நேராகக் கேட்டுவிடுகிறேன். இணைந்தால் உங்கள் வேலைக்கு என்ன ஆகும்? அதைச் சொல்லாமல் கருத்துக் கேட்டால் எப்படி?

கரிசல்மகள்

கேட்டது சரி. ஜே-1 மூன்று ஆண்டு. மேலும் ஓரிரு ஆண்டு நீட்டிக்கலாம். அதற்குப் பள்ளி ஆதரவுக் கடிதம் தர வேண்டும். இணைப்பு ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தால் என்னை அமர்த்திய மாவட்டம் அன்று இருக்காது. புதிய கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடலாம், போடாமலும் இருக்கலாம். ஆக எனக்கு இதில் ஆதாயமும் உண்டு, பயமும் உண்டு. அதனால்தான் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை, இங்கே திறக்கிறேன்.

பிளாட்நதி

நெப்ராஸ்காவிலிருந்து. இணைப்பைப் பார்த்தவர் வேண்டும் என்றீர்கள்.

இங்கே 'கிளாஸ் ஒன்' மாவட்டம் என்று ஒரு வகை இருந்தது. தொடக்கக் கல்வி மட்டும் நடத்தும் மாவட்டம். சோள வயலுக்கு நடுவே ஓரறை, ஈரறைப் பள்ளி. மேல்வகுப்புக்குப் பிள்ளைகள் அருகிலுள்ள நகரத்துக்குப் போவார்கள். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தவை, 2005-ல் இருநூறை ஒட்டி மிஞ்சியிருந்தன. அந்த ஆண்டு சட்டமன்றம் 126-ஆம் எண் சட்டத்தால் அத்தனையையும் பெரிய மாவட்டங்களோடு சேர்த்துவிட உத்தரவிட்டது. கிராமத்தார் கையெழுத்துத் திரட்டி மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். வாக்கெடுப்பு 2006 நவம்பரில். இணைப்பு 2006 ஜூனில். நவம்பரில் மக்கள் அந்தச் சட்டத்தை வாக்களித்து நீக்கினார்கள். ஆனால் மாவட்டங்கள் ஏற்கெனவே கலைந்துபோயிருந்தன. நீக்கப்பட்ட சட்டம் நிறைவேற்றிய இணைப்பு அப்படியே நின்றது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படி மூடப்பட்ட ஒரு பள்ளியின் குழுவில் இருந்தவர். இன்றும் நவம்பரையும் ஜூனையும் கலந்து யாராவது பேசினால் முகம் சிவந்துவிடும்.

ஆனால் ஒரு நேர்மையான எதிர்த்தரப்பும் உண்டு. அந்தச் சிறு மாவட்டங்களில் நிலம் அதிகம், பிள்ளைகள் குறைவு. அதனால் வரி விகிதம் குறைவு. நகரத்து உயர்நிலைப் பள்ளியின் செலவைச் சுமக்காமல் பெரிய பண்ணைக்காரர்கள் அங்கே ஒதுங்கியிருக்கிறார்கள் என்று நகரத்தார் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அழகான ஓரறைப் பள்ளி யாருக்கோ வரிச்சலுகையாகவும் இருந்தது.

ஆகவே கரிசல்மகள் அவர்களே, முதலில் தேதிகளைப் பாருங்கள். முறையீடு செய்ய நினைத்தால் இணைப்பு நாளுக்கு முன்பு. அதற்குப் பிறகு வெற்றி பெற்றாலும் திரும்பிப் போக ஓர் இடம் இருக்காது.

வைகைக்கரையார்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். மகள் வீட்டில் டெக்சாஸில் ஆறு மாதம் தங்கியிருக்கிறேன். இந்த இழையைப் பேரன் காட்டினான்.

ஊரார் தேர்ந்தெடுத்த குழு பள்ளியை நடத்துகிறது என்றதும் முதலில் பொறாமைப்பட்டேன். தமிழ்நாட்டில் ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப்பள்ளி என்பது விதி. அந்த விதியால்தான் மலையிலும் தீவிலும் பள்ளி இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் ஆங்கிலவழித் தனியார்ப் பள்ளி வேனில் ஏறிப்போய்விட்டால், 2019-ல் ஒருவர்கூடச் சேராத 46 பள்ளிகளை நூலகமாக்கியதுபோல், சென்னையிலிருந்து ஓர் ஆணை வரும். ஊரில் யாரிடமும் வாக்குக் கேட்கமாட்டார்கள். கேட்க ஊருக்கு உரிமையும் இல்லை, பள்ளிக்கென்று ஊர் கட்டும் வரியும் இல்லை.

பிறகு யோசித்தேன். நான் வேலை பார்த்த ஊர்களில் ஊர்க் குழுவிடம் ஆசிரியர் நியமனத்தைக் கொடுத்திருந்தால் யார் வந்திருப்பார்கள்? தலைவரின் மைத்துனர் வந்திருப்பார். சேரிப் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருப்பார்கள். துறை தொலைவில் இருப்பதில் ஒரு நன்மை உண்டு அம்மா. இங்கே அந்தத் தொல்லை இல்லையா?

ஹெலினாசெவிலி

ஐயா, இருந்தது. உங்கள் கேள்விக்கு ஆர்கன்சாவே பதில்.

நான் பிலிப்ஸ் கவுண்டியில் செவிலி. இங்கே பள்ளி மாவட்டம் என்றால் பாதி வரலாறு இனம்தான். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் பல ஊர்க் குழுக்கள் கறுப்புப் பிள்ளைகளை வெளியே நிறுத்தவே பாடுபட்டன. அதே மாநிலத்தில் ஹாக்சி என்ற சிறு ஊரின் குழு, யாரும் வழக்குப் போடாமல், 1955-லேயே ஒருமனதாக வாக்களித்து வெள்ளையர் பள்ளியையும் கறுப்பர் பள்ளியையும் ஒன்றாக்கியது. மாநிலத் தலைநகர் லிட்டில் ராக்கில் கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் அழைத்துப்போகப் படை வந்து நின்ற 1957-க்கு இரண்டு ஆண்டு முன்பு. அறம், சட்டம் என்ற காரணங்களோடு, இரண்டு பள்ளி நடத்துவது வீண்செலவு என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். வெளியூரிலிருந்து ஆள் வந்து மிரட்டியும் குழு பின்வாங்கவில்லை. ஊர்க் குழு இப்படியும் இருக்கும், அப்படியும் இருக்கும்.

ஆனால் பிறகு நடந்த இணைப்புகளில் மூடப்பட்டது பெரும்பாலும் கறுப்பர்களின் பள்ளி. வேலை போனது கறுப்பின முதல்வர்களுக்கு. அதனால் இந்த ஊர்களில் இணைப்பு என்று சொன்னால் பெரியவர்கள் கணக்கைப் பார்ப்பதில்லை, நினைவைப் பார்க்கிறார்கள். லேக் வியூவில் குழுவும் கறுப்பர்களே, கண்காணிப்பாளரும் கறுப்பர்களே. அந்த நாற்காலிகளை இழப்பது சம்பளக் கணக்கில் மிச்சம்; அவர்களுக்கு அது மிச்சம் அல்ல.

எலைன் ஊரைப் பாருங்கள். கறுப்பர்கள் கொல்லப்பட்ட 1919 படுகொலையால் பெயர் தெரிந்த அதே எலைன். 2006-ல் அதன் பள்ளி மாவட்டத்தை மார்வெல் மாவட்டத்தோடு சேர்த்தார்கள். எலைனில் பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகள் இருபது மைலுக்கு மேல் பஸ்ஸில் போகிறார்கள். ஆஸ்துமா உள்ள ஒரு குழந்தைக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் வண்டி இல்லாத தாய் எப்படிப் போவாள் என்பதை என் பணியில் பார்க்கிறேன். பள்ளி நிகழ்ச்சிக்குப் பெற்றோர் வருவது நின்றுபோகிறது. வராத பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று பிறகு ஒரு பேச்சு.

இணைப்பால் எண்ணிக்கை உயர்ந்ததா? இல்லை. இந்தக் கவுண்டியில் 1950-ல் 46,000 பேர். 2000-ல் 26,000. 2020-ல் 16,500 சொச்சம். பருத்தி பறிக்கும் இயந்திரம் வந்தது முதல் வடிந்துகொண்டே இருக்கிறது. சேர்த்த மார்வெல்-எலைன் மாவட்டமே பின்னர் 350-க்குக் கீழே போனது. இந்த முறை இணைக்கப் பக்கத்தில் சரியான ஆள் இல்லை. 2023-ல் மாநிலம் அதை வெளியிலிருந்து வந்த ஒரு சாசனப்பள்ளி (அரசுப் பணத்தில் தனி அமைப்பு நடத்தும் பள்ளி) அமைப்பிடம் நடத்தக் கொடுத்தது. ஊர்க் குழுவிடமிருந்து இன்னும் ஒரு படி தள்ளி.

பென்டன்வில்வாசி

மக்கள்தொகை வடிவதைப் பள்ளி நிறுத்த முடியாது என்பதுதானே இதன் பொருள்? பள்ளியை வைத்திருந்தாலும் ஊர் போகும்.

நடைமுறை யோசனை ஒன்று. நிர்வாகத்தை மட்டும் பகிர்ந்துகொள்ளுங்கள். வேதியியலுக்கு வர்ச்சுவல் ஆர்கன்சா என்ற இணையவழி வகுப்புத் திட்டம் இருக்கிறது. மாநிலம் முழுவதும் சிறு மாவட்டங்கள் அதில்தான் அரிய பாடங்களை எடுக்கின்றன. இணைய இணைப்புக்கு ஈ-ரேட் என்ற மத்தியத் திட்டத்தில் ஏழை மாவட்டங்களுக்கு 90 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. 600-க்குக் குறைவான பிள்ளைகள் உள்ள கிராமப்புற மாவட்டங்களுக்கென்று தனி மத்திய நிதியும் உண்டு. அதற்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா?

எதிர்க்கேள்வி

வேதியியல் ஆய்வுக்கூடமும் திரையில்தானா? அமிலத்தை மின்னஞ்சலில் அனுப்புவார்களா?

கரிசல்மகள்

அமிலம் வரவில்லை. அமிலம் ஊற்றும் காணொளி வருகிறது. பிள்ளைகளோடு அறையில் உட்காரப் பெரியவர் ஒருவர் வேண்டுமென்பதால் கூடைப்பந்துப் பயிற்சியாளர் உட்காருகிறார். அவருக்கும் இப்போது வேதியியல் கொஞ்சம் வந்துவிட்டது.

மத்திய நிதி வாங்குகிறோம். அதைக் கொண்டு வாசிப்புப் பயிற்சிக்கு ஒருவரைப் பகுதிநேரமாக வைத்திருக்கிறோம்.

வழக்குக்கட்டு

இரண்டு செய்தி விட்டுப்போயிற்று.

ஒன்று, மாநிலம் தலைக்கு இவ்வளவு என்று தரும் தொகையைக் கணக்கிடும் அட்டவணை 500 மாணவர் உள்ள ஒரு கற்பனைப் பள்ளியை அடிப்படையாகக் கொண்டது. 500 பேருக்கு ஒரு முதல்வர், இத்தனை ஆசிரியர், ஒரு செவிலியில் இவ்வளவு பங்கு என்று போட்டு, அதைத் தலைக்கு வகுத்துவிடுகிறார்கள். 500-க்கு மேலுள்ள பள்ளிக்குச் சிக்கனம் தானாக வரும். 340 பேர், அதுவும் தொடக்கமும் உயர்நிலையுமாகப் பிரிந்திருந்தால், ஒரு முழு முதல்வருக்குக்கூடப் பணம் சேராது. நாங்கள் திறமையற்றவர்களா என்று உங்கள் ஊரார் மனம் வருந்த வேண்டாம். வாய்ப்பாடே அவர்களுக்காக எழுதப்படவில்லை.

இரண்டு, 2015-ன் 377-ஆம் எண் சட்டம். 350-க்குக் கீழே போனாலும், கல்வித் தரத்திலோ நிதியிலோ கட்டடத்திலோ இடர்ப்பட்டியலில் இல்லாத மாவட்டம் விலக்குக் கேட்கலாம். முதல் பத்தாண்டு இல்லாத கதவு அது. லேக் வியூவுக்குக் கிடைக்காதது. உங்கள் மாவட்டம் மூன்றிலும் சுத்தமா?

கரிசல்மகள்

நிதியில் சுத்தம். எங்கள் கணக்காளர் அம்மா ஒரு மின்விளக்குக்கும் சீட்டு வைத்திருக்கிறார். கல்வித் தரத்தில், மாநிலம் பள்ளிகளுக்கு A முதல் F வரை தரும் எழுத்துத் தர வரிசையில் கீழே இருக்கிறோம், ஆனால் இடர்ப்பட்டியல் இல்லை. கட்டடம்தான் கவலை, உடற்பயிற்சிக் கூடத்துக் கூரை.

நடத்துநர்

இழை ஆசிரியர் பகுதிக்கு மாற்றப்பட்டது. விசா விவரங்களைத் தனிப்பட்ட அடையாளம் தெரியாமல் எழுதுங்கள்.

கரிசல்மகள்

கூட்டம் நேற்று முடிந்தது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் ஒரு மணி நேரம் பக்கத்து மாவட்டத்தின் கண்காணிப்பாளர் பேசினார். பண்பான மனிதர். தொடக்கப்பள்ளியை இங்கேயே வைத்திருப்போம் என்றார். எத்தனை ஆண்டு என்று முன்வரிசையிலிருந்து ஒரு பாட்டி கேட்டார். முடிந்தவரை என்றார். அந்த ஒரு சொல்லில் கூட்டம் திரும்பிவிட்டது. அவர் பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை வாக்கு வேறு மாதிரிப் போயிருக்கும்.

பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. அணியின் பெயர், சீருடை நிறம், நடைவழியில் மாட்டியிருக்கும் ஒவ்வோர் ஆண்டுப் பட்டதாரிகளின் படங்கள் எங்கே போகும், கோப்பைகளை யார் வைத்துக்கொள்வது. வெளியிலிருந்து பார்த்தால் அற்பமாகத் தெரியலாம். ஆனால் புதிய மாவட்டம் அமையும் இணைப்பா, அவர்களுக்குள் நாங்கள் கரையும் சேர்ப்பா என்ற சட்டக் கேள்வியை ஊரார் கேட்கும் விதம் அதுதான் என்று எனக்குப் பட்டது. சேர்ப்பு என்றால் அடுத்த குழுத் தேர்தலில் எங்கள் ஊருக்கு ஓர் இடம் கிடைப்பதே அரிது.

இணைய வேண்டும் என்று பேசியவர்களில் ஒருத்தி என் பழைய மாணவி. இப்போது கல்லூரியில். அவள் எழுந்து, எனக்கு வேதியியல் சொல்லித்தர ஆள் இல்லாததால் செவிலியர் படிப்பில் முதல் ஆண்டு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது, என் தம்பிக்கு அது வேண்டாம் என்றாள். யாரும் மறுமொழி சொல்லவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்குப் புள்ளியியலை நான் நன்றாகத்தான் கற்பித்தேன், வேதியியலுக்கு அது உதவாது.

நான்குக்கு மூன்றில் முடிந்தது. விலக்குக் கேட்டு மாநில வாரியத்துக்குப் போவது. கூடவே, விலக்குக் கிடைத்தாலும் பக்கத்து மாவட்டத்தோடு வேதியியல், இயற்பியல் ஆசிரியர்களைப் பகிர்ந்துகொள்ளப் பேச்சு நடத்துவது. இரண்டாவது தீர்மானத்துக்கு ஏழு பேரும் கை தூக்கினார்கள்.

பென்டன்வில்வாசி

அந்தப் பெண் சொன்னதைத்தான் முதல் பதிவிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விலக்கு வாங்குவது சரி, அந்தத் தம்பிக்கு வரும் ஆகஸ்டில் யார் வேதியியல் எடுப்பார்?

ஹெலினாசெவிலி

இணைந்தால் வரும் ஆகஸ்டில் அங்கே ஆசிரியர் இருப்பாரா என்று கேட்டீர்களா? அந்த மாவட்டத்திலும் அறிவியல் பணியிடம் காலி என்று விளம்பரம் ஓடுகிறதாம். எங்கள் மருத்துவமனையில் அங்கிருந்து வருபவர்கள் சொன்னார்கள்.

கரிசல்மகள்

ஆம், காலிதான். இருவரும் சேர்ந்து ஒருவரைத் தேடுவது என்பதுதான் அந்த இரண்டாவது தீர்மானம். காலையில் இங்கே, மதியத்துக்கு மேல் அங்கே. இடையில் பதினான்கு மைல். கார் எண்ணெய்ச் செலவு யார் தருவது என்பதில் இப்போதே ஒரு சச்சரவு தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் வேதியியல் முதுகலையும் கல்வியியலும் முடித்து, இரண்டாண்டு கற்பித்த அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். கார் ஓட்டத் தெரிய வேண்டும்.

வழக்குக்கட்டு

உங்கள் நீட்டிப்புக் கடிதத்தை விலக்குக்கான முடிவு வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். இப்போதுள்ள கண்காணிப்பாளர் கையெழுத்திட்டு, விசா ஆதரவு நிறுவனத்திடம் சேர்த்துவிடுங்கள். பிளாட்நதி சொன்னதுபோல், ஜூலை 1-க்கு முன்பு.

கரிசல்மகள்

திங்கட்கிழமை கேட்கிறேன்.